அரிசிப் பானையில் அந்து



மாலையில் விளக்கேற்றும் வேளையில் அடுக்களைச் சுவரில் சாம்பல் நிறமான சிறு பூச்சியொன்று அமர்ந்திருப்பதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தட்டினால் விரலில் மாப்போன்ற பொடி ஒட்டும். வீட்டிலுள்ள பாட்டியார் அதைக் கண்ட மாத்திரத்தில், “அரிசியில் அந்து விழுந்துவிட்டது” என்று சொல்லிவிடுவார். அவர் விலங்கியல் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் கூற்றில் பிழை காண்பது அரிது.

அந்து என்பது ஒரே பூச்சியன்று. நெல்மணிக்குள் புகுந்து, உள்ளிருப்பதைத் தின்று, வட்டமான துளையிட்டு வெளிவருவது நெல் அந்து. அரிசி, ரவை, கேழ்வரகு, நிலக்கடலை ஆகியவற்றை நூலாம்படைபோல் பின்னிக் கட்டிகட்டியாக்குவது அரிசி அந்து. அறிவியலார் இதனைக் கோர்சைரா செபலோனிகா என்பர். நம் வீட்டு டப்பாக்களில் பெரும்பாலும் குடியேறுவது இந்தப் பின்னதே.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், அந்து விழுந்த அரிசி ஒரு பிடியைக் கண்ணாடிக் குப்பியிலிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வகுப்பில் வைப்பது வழக்கம். மாணவர் நாள்தோறும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு முறை எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இந்தப் பூச்சி ஒரு நாளாவது அரிசியைத் தின்னவே இல்லையே!” என்றான். அவன் கண்டது முற்றிலும் உண்மை. சிறகு முளைத்த அரிசி அந்து தானியத்தை உண்பதில்லை. சில நாள் வாழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு மடிகிறது. அரிசியைத் தின்பது முட்டையிலிருந்து வரும் புழு. ஆகவே பறக்கும் பூச்சியைத் துடைப்பத்தால் அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணுதல் பயனற்றது. அது தோன்றும்போதே அடுத்த தலைமுறை டப்பாவிற்குள் வளர்ந்துகொண்டிருக்கும். நம் வெப்ப நாட்டில் முட்டை முதல் பூச்சி வரை ஏறக்குறைய ஒன்றரை மாதம் போதும்.

இதற்கு நஞ்சு வைக்கலாமே என்று சிலர் கேட்கின்றனர். எத்திலீன் டைபுரோமைடு என்னும் மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குமிழ்களை முன்னாளில் தானியத்தில் வைத்தனர். 2001-ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மருந்தைத் தடை செய்தது. கிடங்குகளில் பயிற்சி பெற்றோர் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற கொடிய வாயுவை விடும். அவ்வாயு பூச்சி என்றும் குழந்தை என்றும் வேறுபாடு அறியாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்கென வீட்டினுள் வைத்த மருந்தின் நெடியால் இரு குழந்தைகள் மாண்ட செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அம்மாத்திரையை யாரேனும் “ஒன்றே ஒன்று” என்று கொண்டுவந்து கொடுத்தால், வீட்டிற்குள் நுழைய விடாதீர்கள். பாச்சை உருண்டையும் உணவருகே வைக்கத் தக்கதன்று.

நஞ்சின்றி ஒழிக்க முடியுமா? முடியும், ஆனால் உடல் உழைப்பு வேண்டும். முதலில் அலமாரியிலுள்ள அத்தனை டப்பாக்களையும் இறக்குங்கள். நூல் பின்னிக் கட்டியான பொருளை உறையிலிட்டு இறுகக் கட்டி அன்றே வெளியேற்றுக. எஞ்சியதைச் சல்லடையில் சலித்துப் புடைக்கவேண்டும். பருப்பு, கோதுமை முதலியவற்றைக் கறுப்புத் துணிமேல் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, உச்சி வெயிலில் சில மணி நேரம் வைத்தால் உள்ளே வெப்பம் மிக ஏறும்; 60 பாகை சென்டிகிரேடை எட்டினால் முட்டையும் புழுவும் விரைவில் மடியும். விதைக்கென வைத்த தானியத்திற்கு இம்முறை ஆகாது. முளைப்புத் திறன் கெடலாம். அரிசியையும் கடுவெயிலில் நெடுநேரம் காயவிடக் கூடாது. மணி வெடித்து நொய்யாகும். காய்ந்ததை நன்கு ஆறவிட்டே அடைக்கவேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ரவை, மைதா போன்றவற்றைக் குளிர்பெட்டியின் உறைபனி அறையில் ஒரு வாரம் வைப்பதே எளிது.

பலர் மறப்பது ஒன்றுண்டு. கூடு கட்டும் பருவத்தில் புழுக்களிற் சில தானியத்தை விட்டு ஊர்ந்து, மூடியின் மரையிலும், அலமாரி மூலையிலும், ஆணித் துளையிலும், விரித்த பழைய செய்தித்தாளின் அடியிலும் ஒடுங்கிக்கொள்ளும். தாளை எடுத்தெறிந்து, இடுக்குகளைத் தூரிகையால் துப்புரவாக்கி, சோப்பு நீரால் துடைத்து உலரவிடாமல் புதிய அரிசியைக் கொட்டுவது பூச்சிக்கு விருந்து வைப்பதாகும்.

வேப்பிலையைப் பற்றிக் கேட்பீர்கள். நிழலில் உலர்த்திய வேப்பிலையும் நொச்சியிலையும் புதிதாக வரும் பூச்சியை ஓரளவு விலக்கலாம். ஏற்கெனவே உள்ளிருக்கும் புழுவை அவை கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டா. பச்சையிலையைப் போட்டால் அதன் ஈரமே கேடு. வசம்பைச் சிறு துணியில் முடிந்து வைக்கலாம். பொடித்து உணவோடு கலக்கலாகாது. என் மதிப்பில் இவையனைத்தையும் விடச் சிறந்த காவல், காற்றுப் புகாத மூடிதான். நன்கு நிரப்பி இறுக மூடிய கலத்தில், உள்ளிருக்கும் உயிர்கள் மூச்சுவிட்டே பிராணவாயுவைக் குறைத்துத் தாமே நலியும். நம் உழவர் முழுத் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்ததும் பூச்சியைத் தடுக்கும் அறிவினாற்றான்.

இன்னொரு செய்தி. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளையிட்ட குழாய்ப் பொறியொன்றை அமைத்துள்ளனர். தானியத்தில் செருகிவைத்தால், காற்றை நாடும் வண்டுகள் துளைவழி நுழைந்து அடியிலுள்ள கிண்ணத்தில் விழும். அது வண்டுக்குரியது, அந்துப் புழுவிற்கு அவ்வளவாக உதவாது. அந்துவிற்கோ வேறொரு பெருமையுண்டு! நம் ஆய்வுக்கூடங்களில் இதே அரிசி அந்தைக் கம்பு நொய்யில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். அதன் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறு குளவியை அவற்றில் பெருக்கி, கரும்புத் தோட்டத்தில் கட்டுகிறார்கள்; அக்குளவி கரும்பைத் துளைக்கும் புழுக்களின் முட்டைகளை அழித்துவிடுகிறது. அருகில் வேளாண்மைத் துறையின் ஒட்டுண்ணி வளர்ப்பு நிலையம் இருந்தால், ஆசிரியரை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்ப் பாருங்கள். பூச்சி வளர்க்கும் தட்டுகளைத் திறந்து காட்டுவார்கள். உங்கள் வீட்டு டப்பாவில் கண்ட அதே நூற்கட்டிகளை அங்கே வரிசை வரிசையாகக் காண்பீர்கள்.