நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு

(பொன்விழாக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஜாலான் புசாரில் கடை வைத்திருக்கும் எங்களைக் கல்வி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எங்களில் பலர் பாலிடெக்னிக் டிப்ளோமாவோடு கல்லாவில் வந்து உட்கார்ந்தவர்கள். சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆனால் சில ஆண்டுகளாக, சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்த நம் பிள்ளைகளுக்குத் துணையாக இருந்து வருகிறோம். மதிப்பெண் வாங்குவதில் அவர்கள் தடுமாறவில்லை. கடைசி இரண்டு மாதங்களில்தான் குடும்பமே தடுமாறுகிறது. அதைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

சிங்கப்பூரில் சட்டம் படிக்க மூன்று இடங்கள் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்விக்கு 1957-இல் தொடக்கம். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 2007-இல் தொடங்கியது. குடும்பச் சட்டத்துக்கும் குற்றவியல் சட்டத்துக்கும் முதலிடம் தரும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி 2017-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிக்கு நம் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தம், பென்கூலனில் இறங்கி நடந்துவிடலாம்.

"அதெல்லாம் நமக்கு எட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பெயர் போதும். மாண்புமிகு ஹலிமா யாக்கோப். இந்திய முஸ்லிம் தந்தை அவருடைய எட்டு வயதில் காலமானார். தாயார் உணவு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். மகள் 1978-இல் சட்டப் பட்டம் பெற்று, 2017-இல் நாட்டின் அதிபரானார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நல்ல மதிப்பெண் இருந்தால் நேரே இடம் கிடைத்துவிடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் அழைப்பார்கள். அதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிரச்சினையின் இரு பக்கத்தையும் பார்த்து, காரணம் சொல்லி, எதிர்க்கேள்வி வந்தால் கலங்காமல் பேசத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு இந்தச் சங்க அறையில் பயிற்சி கொடுத்தோம். "ஏன் சட்டம் படிக்க வேண்டும்?" என்று கேட்டதும், "சமுதாயத்துக்குச் சேவை செய்ய" என்றாள். எல்லாரும் சொல்வதுதானே, நீ கண்ணால் பார்த்ததைச் சொல் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தாள். பதின்மூன்று வயதில், அத்தாவின் கடை வாடகை ஒப்பந்தத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னாளாம். அத்தா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். பாதகமான ஒரு விதி அதில் இருந்தது. சில்லறைக் கடை வாடகைக்குத் தனிச் சட்டம் 2024 பிப்ரவரியில்தான் நடப்புக்கு வந்தது. "அப்போதே யாராவது படித்துச் சொல்லியிருந்தால்" என்றாள். இதையே அங்கே சொல்லம்மா என்றோம்.

ஓர் இடத்தில் மறுத்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் கிடைத்தது. கணக்கியல் படிக்கவும் இடம் வந்திருந்தது. எத்தனை இடம் வந்தாலும் ஒன்றைத்தான் ஏற்க முடியும். கெடு தாண்டினால் அதுவும் போய்விடும். வீட்டில் பெரிய பேச்சு. "பெண் பிள்ளைக்கு வக்கீல் வேலையா? வீடு திரும்ப ராத்திரி ஆகுமே" என்றார்கள் உறவினர்கள். "படிக்கப் போகிறவள் சொல்லட்டும்" என்றார் அம்மா. அவள் சட்டம் என்றாள்.

அடுத்தது பணம். நான்கு ஆண்டுப் படிப்பு. வழக்காட வேண்டுமானால் அதன்பின் பார் தேர்வும் ஓராண்டுத் தொழிற்பயிற்சியும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கல்விக் கடன் என்றதும், வட்டியை நினைத்து நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. மார்க்கத்தில் அதன் நிலையை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் திருப்பித் தரத் தேவையில்லாத உதவிகளை முதலில் தேடுங்கள். அரசாங்க உதவிநிதி இருக்கிறது, சிண்டா இருக்கிறது, 1965 முதல் முஸ்லிம் மாணவர்களுக்கு உதவும் எல்பிகேஎம் இருக்கிறது. வருமானச் சான்றுகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கடை வருமானம் உள்ளவர்களுக்கு இதில்தான் தாமதமாகிறது.

வெளிநாட்டுப் படிப்பை யோசிப்பவர்கள் முன்பணம் கட்டுமுன் ஒன்றைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடு இங்கே வந்து வழக்கறிஞராவது கடினம்.

இவ்வளவு சிரமம் எதற்கு? நம் திருமணமும் வாரிசுப் பங்கும் 1966-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நம் கடைகள் ஒப்பந்தங்களில் நிற்கின்றன. தமிழில் கேட்டுத் தமிழில் விளக்கும் வழக்கறிஞர் பக்கத்தில் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் போய்க் கேட்போம். இல்லையென்றால், போட்ட பிறகுதான் ஓடுவோம்.

ஆகவே கல்விக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. தேர்வு முடிவுகள் வந்ததும், சட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இங்கே வரலாம். பாலிடெக்னிக் பிள்ளைகளும் வரலாம், அவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. கடை அடைத்த பிறகு நாங்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறோம். பெற்றோர் ஒன்று மட்டும் செய்யுங்கள். பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். வீட்டில் பேச விட்டால்தான் அங்கே பேசுவார்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.