142 கைதிகளை விடுவித்த பாட்டு
(சபையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் பாடகர் குழு கிறிஸ்மஸுக்குப் பாடும் அல்லேலூயா கோரஸை எழுதியவரைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நான் சங்கீதம் படித்தவள் அல்ல, தாதி. ஆகவே ஒரு தாதியின் கண்ணுக்குப் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜோர்ஜ் பிரெடெரிக் ஹாண்டல் 1685 பெப்ரவரி 23ஆம் திகதி ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தார். தகப்பனாருக்குத் தொழில் முடி வெட்டுவதும் சத்திரசிகிச்சை செய்வதும். பிள்ளைகள் சிரிக்கிறீர்கள்! அந்தக் காலத்தில் சவரக்கத்தி பிடித்தவரே கட்டியையும் கீறினார். மகன் சட்டம் படிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. மகனும் 1702இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆனால் அடுத்த வருடமே இசையைத் தேடி ஹம்பேர்க் போய்விட்டார். அதே 1703இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த இன்னொருவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் சீகன்பால்கு ஐயர், 1706இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்தவர்.

ஹாண்டல் இத்தாலிக்குப் போய், பிறகு நாங்கள் வாழும் இந்த லண்டனுக்கு வந்து, 1727இல் பிரித்தானியப் பிரஜையானார். கடைசிவரை அவருடைய ஆங்கிலத்தில் ஜெர்மன் வாடை போகவில்லையாம். எங்களில் பலருக்கு அது ஆறுதல்.

1737 ஏப்ரலில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. வாத்தியம் வாசித்துப் பிழைப்பவருக்கு வலது கை! பாரிசவாதம் வந்த ஒருவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுவதற்கு எத்தனை வாரம் போராடுகிறார் என்பதை வார்டில் நான் பார்க்கிறேன். இவர் ஜெர்மனியில் ஆஹன் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய்க் குளித்து, யாரும் நினைக்காத வேகத்தில் தேறித் திரும்பினார்.

நாலு வருடம் கழித்து, 1741 ஆகஸ்ட் 22 தொடங்கி 24 நாட்களில், 'மேசியா'வை அதே கையால் எழுதினார். வசனங்களை வேதாகமத்திலிருந்து தெரிந்து கொடுத்தவர் சார்ல்ஸ் ஜெனென்ஸ். இந்த 24 நாளைப் பலரும் அற்புதமாகச் சொல்வார்கள். ஹாண்டல் எப்போதுமே வேகமாக எழுதுகிறவர், இது முடிந்த கையோடு 'சிம்சோன்' எழுத உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது.

'மேசியா' முதன்முதல் பாடப்பட்டது 1742 ஏப்ரல் 13, அயர்லாந்தின் டப்ளினில். கூட்டம் அதிகம் என்பதால், பெண்கள் வளையம் வைத்த பாவாடையும் ஆண்கள் வாளும் இல்லாமல் வரும்படி பத்திரிகையில் கேட்டுக்கொண்டார்கள். அப்படி நெருக்கி 700 பேர் இருந்தார்கள். சேர்ந்த பணம் சுமார் 400 பவுண். அதை மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கை இரண்டு வைத்தியசாலைகளுக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது பங்கில், கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்த 142 பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டனில் தோமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கியிருந்தார். பிள்ளையை அங்கே ஒப்படைக்கும் தாய், பிறகு அடையாளம் காட்டுவதற்கு ஒரு துண்டுத் துணியோ, ஒரு நாணயமோ விட்டுப் போவாள். அந்த இல்லத்து ஆலயத்துக்கு ஹாண்டல் ஓர் ஓர்கன் கொடுத்து, 1750 மே 1இல் அங்கே 'மேசியா'வை நடத்தினார். இடமில்லாமல் பலர் திரும்பிப் போனதால் இரண்டு கிழமையில் மறுபடியும் நடத்தவேண்டி வந்தது. பிறகு வருடாவருடம் பாடி, மொத்தம் ஏறக்குறைய 7000 பவுண் அந்தப் பிள்ளைகளுக்குப் போனது. அந்தத் தாய்மார் விட்டுப்போன பொருட்களை பிரன்ஸ்விக் சதுக்கத்து அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். பார்த்துவிட்டு நான் வெகுநேரம் பேசவில்லை.

இதையும் மறைக்கக்கூடாது: அடிமை வியாபாரம் செய்த றோயல் ஆபிரிக்கக் கம்பனியின் பங்குகளையும் இதே ஹாண்டல் வைத்திருந்தார். பெரிய பிள்ளைகள் இதைப்பற்றிக் கேட்டால், பெற்றோரே, பேச்சை மாற்றாதீர்கள்.

1751 பெப்ரவரியில் 'யெப்தா' எழுதிக்கொண்டிருந்தபோது இடது கண் மங்கியது. தேவனுடைய தீர்மானங்கள் எவ்வளவு இருளானவை என்று பாடும் இடத்தில், இதற்குமேல் முடியவில்லை என்று தாளிலேயே குறித்து வைத்து நிறுத்தினார். பிறகு பல வைத்தியர்கள். 1758இல் கண்ணுக்குக் கைவைத்த ஜோன் டெயிலர், 1750இல் லைப்சிக்கில் பாக்குக்கும் சத்திரசிகிச்சை செய்தவர். அந்த வருடமே பாக் இறந்துபோனார். மயக்க மருந்து இல்லை, கருவிகளைச் சுத்திகரிப்பதும் இல்லை, ஊசியைக் கண்ணுக்குள் விட்டு வில்லையைக் கீழே தள்ளுவார்கள். இன்று கண்புரைக்கு அரை மணி நேரம் போதும், நோயாளி தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

ஹாண்டலுக்குப் பார்வை திரும்பவில்லை. ஆனாலும் மற்றவர் கைபிடித்து அழைத்துவர, ஓர்கனில் உட்கார்ந்து நினைவிலிருந்து வாசித்தார். 1759 ஏப்ரல் 6இல் கடைசியாக 'மேசியா'வைக் கேட்டார். எட்டு நாள் கழித்து, உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை, புரூக் வீதி வீட்டில் இறந்தார். அடக்கத்துக்கு சுமார் 3000 பேர் வந்தார்கள்.

பிள்ளைகளே, வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போனால் அவருடைய சிலையைத் தேடிப்பாருங்கள். அதில் ஒரு பாட்டின் தாள் இருக்கும், யோபு 19ஆம் அதிகாரத்தில் மீட்பரைப் பற்றி வரும் வசனம் அது. எந்த வசனம் என்று வந்து எனக்குச் சொல்லுங்கள். இப்போது பாடகர் குழுவினர் முன்னே வரலாம்.