சாப்பாட்டறையின் அலங்காரம்



வீட்டிற்கு வருவோரின் கண்ணில் முதலிற் படுவது வரவேற்பறை. வீட்டாரின் வாழ்வை உள்ளபடி காட்டுவதோ சாப்பாட்டறை. அவ்வறையை அழகுற அமைப்பது எவ்வாறு என்பது பற்றி இன்று சில கருத்துக்களை உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

சாப்பாட்டுக்கெனத் தனி அறை ஒதுக்குவது நம்மவர்க்குப் பழைய வழக்கமன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலே, நடுமுற்றத்தைச் சூழ்ந்த விறாந்தையில் தடுக்கு விரித்து, வாழையிலை இட்டு உண்டோம். உண்டு முடிந்து இலையை எடுத்துவிட்டால், அதே இடம் பிள்ளைகள் படிக்கும் இடமாயிற்று. மேசையும் கதிரையும் கடல் கடந்து வந்தவை. அதற்குச் சொற்களே சாட்சி. மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு, யன்னல், குசினி ஆகிய யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து நமது நாவிற் குடியேறியவை. 1505 இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்தம் ஆட்சி அகன்றது. மேசையும் கதிரையும் நம்மிடம் தங்கிவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு விருந்துக்குச் சென்றிருந்தேன். மினுமினுப்பான மேசை, சுற்றிலும் ஆறு கதிரைகள், கண்ணாடி அலுமாரியிலே பூப்போட்ட பீங்கான் கோப்பைகள். உண்ண அமர்ந்தோர் ஐவர். ஆறாவது கதிரை வெறுமையாய் இருந்தது. வீட்டு அம்மையார் குசினிக்கும் மேசைக்குமாக ஓயாது நடந்துகொண்டிருந்தார். நாங்கள் கை கழுவிய பின்னர், குசினி மூலையில் ஒரு சிறு முக்காலியில் இருந்து அவர் ஆறிய சோற்றை உண்பதைக் கண்டேன். "நீங்களும் எங்களோடு இருந்திருக்கலாமே அக்கா" என்றேன். "நான் இருந்தால் ஆர் பிள்ளை கறி எடுத்துத் தாறது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டகலவில்லை. சமைத்தவருக்கு இடமில்லாத அறை எத்துணைப் பொலிவுடையதாயினும், அதனை அழகிய அறை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆகவே சாப்பாட்டறையின் அலங்காரத்தை அந்த ஆறாவது கதிரையிலிருந்தே தொடங்குவோம்.

முதலிற் கவனிக்க வேண்டியது இடவசதி. மேசையின் உயரம் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றரும், கதிரையில் இருக்கும் பலகையின் உயரம் 45 சென்ரிமீற்றரும் இருத்தல் நன்று. ஒருவர் தாராளமாக இருந்துண்ண மேசை விளிம்பில் 60 சென்ரிமீற்றர் வேண்டும். கதிரையைப் பின்னே தள்ளி எழுவதற்கு, மேசைக்கும் சுவருக்கும் இடையே 90 சென்ரிமீற்றராவது விடவேண்டும். அறுவருக்குரிய மேசை 180 சென்ரிமீற்றர் நீளமும் 90 சென்ரிமீற்றர் அகலமும் உடையதெனின், அறை ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஒன்பது அடியாக இருத்தல் வேண்டும். அத்தகைய இடம் இல்லாத வீட்டார் கவலையுற வேண்டியதில்லை. சுவரோரமாக ஒரு நீண்ட வாங்கினைப் போட்டு, மேசையை அதனருகே நகர்த்திக்கொண்டால், அப்பக்கத்தில் நடக்கும் வழி வேண்டாமற் போகின்றது. பிள்ளைகள் வாங்கில் நெருங்கியிருந்து உண்பதை விரும்பவும் செய்வர்.

இரண்டாவது, பரிமாறும் வசதி. குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலுள்ள சுவரிலே இடுப்பளவு உயரத்தில் ஒரு சிறு யன்னல் திறந்து, அதன் அடியிற் பலகை பொருத்தினால், சோறும் கறியும் ஒரேமுறையில் அதன்மீது வந்து சேரும். சுவரை இடிக்க இயலாதவர், மேசைக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு சிறு பக்கமேசையை வைத்து, சோற்றுப் பாத்திரம், தண்ணீர்ச் செம்பு, மேலதிகக் கோப்பைகள் முதலியவற்றை உணவுக்கு முன்னரே அதில் அடுக்கலாம். வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டால், "ஆர் எடுத்துத் தாறது?" என்ற வினாவுக்கே இடமில்லை. குசினிக்கு அண்மையிலுள்ள கதிரையை வீட்டுத் தலைவிக்கு என ஒதுக்கிவைப்பது வழக்கம். அவ்விடத்திலே இருப்பவர்தாம் அடிக்கடி எழ நேருகின்றது. அதனை எழுந்தோடும் வயதிலுள்ள மகனுக்கோ, வீட்டுத் தலைவருக்கோ கொடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஒளி. பகலில் முற்றத்து வெளிச்சத்துக்கு நிகரான அலங்காரம் இல்லை. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1960களின் தொடக்கத்திலே கொழும்பு அல்பிரட் பிளேசில் ஈனா டி சில்வாவுக்காக அமைத்த வீடு, நடுமுற்றத்தைச் சூழ்ந்த பழைய முறையை நகரத்துச் சிறு நிலத்துக்கு மீட்டுத் தந்தது. பின்னாளில் அவ்வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. முற்றம் அமைக்க இயலாதவர் மேசையை யன்னலருகே போடலாம். கனத்த திரைச்சீலையை நீக்கி மெல்லிய துணியைத் தொங்கவிடலாம். இரவில், மேசைக்கு மேலே ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கும் ஒரு விளக்கு போதும். நீலச்சாயல் கொண்ட வெள்ளொளியில் மிளகாய்க் குழம்பின் செம்மையும் மங்கித் தோன்றும். மஞ்சட்சாயல் கொண்ட 2700 கெல்வின் மின்குமிழை வாங்குவீர்களாயின், கறியின் நிறமும் எதிரே இருப்பவரின் முகமும் பொலிவுறும்.

நான்காவதாகவே சுவரும் துணியும். சுவருக்கு வெண்மை அல்லது இளமஞ்சள் போதும். விலையுயர்ந்த படங்களைத் தேடி அலைய வேண்டா. கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறையிலே கைத்தறியில் நெய்யும் பாய்க்கலையை 2021 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அத்தகைய பாய் ஒன்று ஒரு சுவரையே நிறைக்கும். மருதமுனைக் கைத்தறித் துணி மேசை விரிப்பாகும். பனையோலையிற் பின்னிய சிறு தட்டுக்கள் சூடான பாத்திரங்களைத் தாங்கும். பாட்டனார் தண்ணீர் அருந்திய மூக்குப்பேணி புளியிட்டுத் துலக்கப்படின், அதிலே நாலு செவ்வந்திப் பூக்களை வைக்கலாம். பூக்கள் தாழ்ந்திருக்கட்டும், ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதற்கு அவை தடையாகலாகாது.

கண்ணாடி அலுமாரியிலுள்ள பீங்கான் கோப்பைகள் பற்றியும் ஒரு சொல். என்றோ வரப்போகும் விருந்தினருக்காக அவை காத்திருக்க வேண்டா. வீட்டாரைவிடச் சிறந்த விருந்தினர் யார்? வாரத்தில் ஒருநாளாவது அவற்றை வெளியே எடுங்கள். ஒன்று உடைந்தாற் குடி முழுகிப் போகாது. அவ்வேளையில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வேறோர் அறையில் ஓய்வெடுக்கட்டும்.

நேயர்களே, இன்றிரவு உணவுக்கு அமரும்போது, உங்கள் மேசையைச் சுற்றியுள்ள கதிரைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒன்று வெறுமையாய் இருப்பின், குசினியை நோக்கி ஒரு குரல் கொடுங்கள். அவர் வந்து அமரும் வரை சோற்றிற் கை வையாதீர்கள். காசில்லாமற் செய்யக்கூடிய அலங்காரம் அதுவே.