இப்போது என்ன கேட்கிறாய்?

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, பாடசாலைக் கீதத்தையும் பிரார்த்தனை மண்டபத்து ஆர்மோனியத்தையும் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதை எழுத நூற்றாண்டு மலருக்கு நாலைந்து பேர் தயாராக இருக்கிறார்கள். நான் சங்கீதம் கற்றுத் தேறியவளும் அல்ல. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சையில் நாலாம் தரத்தோடு வாய்ப்பாட்டை விட்டவள். ஆகவே பாடுகிறவளாக அல்ல, கேட்கிறவளாகவே பேசுகிறேன்.

சென்ற வருடம் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். "இப்போது என்ன பாட்டுக் கேட்கிறாய்?" பழைய பாட்டில் எது பிடிக்கும் என்று கேட்டால் எங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான், இலங்கை வானொலி அதைப் பார்த்துக்கொண்டது. இந்தக் கிழமை, சமைக்கும்போதும் நடக்கும்போதும் காதில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஐம்பது வருடம் பழகியவர்களைப் பற்றி எனக்கு அது தெரியாது.

விடைகள் வந்தன. சிட்னியில் இருப்பவள் விடிய சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசம், பின்னேரம் பேத்தியோடு கொரியப் பெடியன்களின் பி.ரி.எஸ். என்று எழுதினாள். ஏழு பேரின் பெயரும் அவளுக்குப் பாடம். ரொறொன்ரோத் தோழி பனி வழிக்கும்போது கேட்பது இளையராஜா 2005இல் சிம்பொனி இசையோடு வெளியிட்ட திருவாசகம். லண்டனில் ஒருத்தி தேவாலயப் பாடகர் குழுவில் ஹன்டெலின் மெசையாவுக்குப் பயிற்சி எடுக்கிறாள். 1742இல் டப்ளினில் முதலில் பாடப்பட்டதை எழுபது வயதில் நெட்டுருப் பண்ணுகிறேன் என்று ஒரே புலம்பல்.

பாரிசிலிருந்து ஒரு விடை வந்தது. "ஒன்றும் இல்லை."

எங்கள் கூட்டுப்பாட்டில் முதற்குரல் அவளுடையதுதான். கணவர் காலமானபின் வீட்டில் வானொலிகூடப் போடுவதில்லை என்று பிறகு அறிந்தோம். ஆறுதல் வார்த்தை எழுதி அவளைக் களைப்பாக்காமல், அவரவர் உண்மையில் கேட்பதைக் கிழமைக்கு ஒன்றாகக் குழுவில் போடுவது என்று முடிவாயிற்று. பதில் எழுதவேண்டும் என்ற கட்டாயமில்லை.

நான் முதலில் அனுப்பியது இணுவில் தெட்சணாமூர்த்தியின் தவில். 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். இந்தியாவின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்த கை. அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார், கட்டாயம் பாருங்கள். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மேளச்சமா சூடுபிடிப்பது நடுச்சாமத்துக்குப் பிறகு. பெண்பிள்ளைகளை அதற்கு முன்பே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். சமாவின் உச்சத்தை நாங்கள் படுக்கையில் கிடந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு ஏற்றபடி, துண்டு துண்டாகக் கேட்டவர்கள். இப்போது யூரியூப்பில் முழுவதையும் கேட்கிறேன். ஒலிப்பதிவு இரைகிறதுதான். ஆனாலும் வலக்கை விரற்கூடுகளின் சொல் வேறு, இடக்கைக் கழியின் சொல் வேறு என்று பிரித்துக் கேட்க முடிகிறது. அவர் வேகமாக வாசிப்பதைப் பலரும் மெச்சுவார்கள். நான் காத்திருப்பது அவர் விடும் இடைவெளிகளுக்கு. கணக்கு எங்கேயோ தவறிப்போயிற்று என்று நாங்கள் பயந்து முடிக்குமுன் தீர்மானம் வந்து சரியாகச் சமத்தில் விழும்.

அடுத்தது என் பேத்தி தந்தது. மாயா அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த பாடகி. லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாகத் திரும்பியவர். 2005இல் வந்த அல்பத்துக்குத் தகப்பனின் இயக்கப் பெயர் 'அருளர்', 2007இல் வந்ததற்குத் தாயின் பெயர் 'கலா'. பின்னதில் 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டின் பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் காசுப்பெட்டி திறக்கும் சத்தமும் வரும். முதல்முறை கேட்டபோது நிறுத்தச் சொன்னேன். எங்களுக்கு அது தாளம் அல்ல. பேத்தி நிறுத்திவிட்டு, "அம்மம்மா, விசாவுக்கு நிற்கிற ஆட்களை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் இந்தப் பாட்டு" என்றாள். பிறகு முழுவதையும் கேட்டேன். சத்தம் இன்னும் பிடிக்கவில்லை, பாட்டுப் பிடித்திருக்கிறது. அதே அல்பத்தில் உறுமி மேளம் வரும் இடங்கள் உண்டு, அதற்கு எனக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக அமரதேவவை அனுப்பினேன். லக்னோவில் பாத்கண்டே கல்லூரியில் படித்தவர். மாலைதீவின் தேசிய கீதத்துக்கும் மெட்டமைத்தவர். 2016இல் காலமானார். கவிஞர் மஹகம சேகரவின் வரிகளை அவர் பாடும்போது சொல் முழுவதும் எனக்கு விளங்காது. இராகம் பிடிபடும், குரலின் அடக்கம் பிடிபடும். குழுவில் ஒருத்தி, "சிங்களப் பாட்டு எனக்கு அனுப்பாதே" என்று எழுதினாள். அவளுடைய வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இசைக்கு மொழியில்லை என்று அவளுக்குச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதை நம்புகிறவளும் அல்ல நான். அவளுடைய காது அவளுடையது. அமரதேவவை நான் கேட்பதை நிறுத்தவில்லை, குழுவில் போடுவதை நிறுத்தினேன். அதைக்கூட இங்கே சொல்லவேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் நாங்கள் பாட்டுப் பரிமாறுவது எப்போதும் தித்திப்பாகவே இருந்தது என்று நீங்கள் எண்ணக்கூடாது.

ஐந்து மாதம் பாரிசிலிருந்து சத்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் இணைப்பு வந்தது. சிசேரியா எவோரா, 'சொடாட்'. ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வேர்டே தீவுகளைச் சேர்ந்தவர், மேடையில் வெறுங்காலோடு பாடியவர், ஐம்பது வயதுக்குப் பிறகுதான் உலகப் புகழ் வந்தது. ஊரைவிட்டு சாவோ தோமே தீவுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைப் பற்றிய பாட்டு அது. தோழியின் மேல்மாடிக்காரி அந்த ஊர்ப் பெண்ணாம். மாவிடிக்கும் சத்தத்தோடு தினமும் அந்தக் குரலும் கூரைவழியே இறங்கியிருக்கிறது. ஒருநாள் மேலே போய், இது யார் என்று கேட்டிருக்கிறாள். கணவர் போனபின் அவள் அயலவரின் கதவைத் தட்டியது அதுதான் முதல்தடவை.

கேட்டுப் பாருங்கள். போர்த்துக்கீசியர் தொட்ட கரைதானே அதுவும். எங்கள் பைலாவுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் போல இருக்கும், ஆனால் ஆட வைக்காது.

இப்போது அவளும் கிழமைதோறும் அனுப்புகிறாள். சென்ற மாதம் வந்தது வேறொருவர் பாட்டு அல்ல. அடுக்களையில் நின்று அவளே பாடி, கைத்தொலைபேசியில் பிடித்தது. குரல் சற்றுத் தடித்திருக்கிறது, சுருதி அசையவில்லை. அதை இன்று இங்கே போட அனுமதி கேட்டேன். "போடாதே. உன்ரை தவிலைப் போடு" என்றாள்.

ஆகவே ஐந்து நிமிடம் தெட்சணாமூர்த்தி. பின்னால் இருக்கும் தங்கைமார் ஒலிபெருக்கியைச் சற்றுக் கூட்டிவிடுங்கள்.