வளரும் நகரமும் நம் மக்களின் வாழ்வும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சாமல்பட்டியில் நிகழ்த்திய உரை)

 

ஒரு நகரம் வளர்வதால் தொழிலுக்கும் குடிமக்களுக்கும் விளையும் பொருளாதார நன்மைகள் யாவை என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு நெடுந்தொலைவு சென்று சான்று தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்து ஓசூரே போதிய சான்றாகும்.

1965-ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது, ஓசூர் மழையை நம்பிய சிற்றூர்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரமே. தமிழக அரசு 1971-இல் நிறுவிய சிப்காட் அங்கே தொழில் வளாகம் அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்டு ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட்டும் வெளிவந்தது. டாடா நிறுவனமும் அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், அங்கே கைக்கடிகாரம் செய்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓசூர் நகராட்சியின் மக்கள் தொகை 1,16,821. 2019-இல் அது மாநகராட்சியாயிற்று.

ஆலைகள் ஓரிடத்தில் திரள்வது ஏன்? பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. நிலமோ அங்கிருப்பதைவிட மலிவு. பின்தங்கிய வட்டாரம் என்பதால் அரசின் சலுகையும் கிடைத்தது. பேராலை ஒன்று வந்ததும் அதற்கு உதிரிப்பாகம் செய்வோர் அருகில் வந்தனர். லேத் பட்டறை, லாரி செட்டு, உணவு விடுதி எல்லாம் தொடர்ந்தன. இயந்திரம் பழுதுபட்டால் அடுத்த தெருவிலேயே அதனைச் சீர்செய்ய ஆள் உண்டு. கைதேர்ந்த தொழிலாளி வேண்டுமென்றால் முதலாளி ஊர் ஊராய்த் தேட வேண்டியதில்லை. இவ்வாறு செலவு குறைவதே தொழிலுக்கு நகரம் தரும் நன்மை.

குடிமக்களுக்கு என்ன நன்மை? இராயக்கோட்டைத் தக்காளிக்கும் ஓசூர் ரோசாவுக்கும் சந்தை விரிகிறது என்பது உண்மை. ஆனால் நம் மக்கள் பெறும் முதல் நன்மை வேறு. கிராமத்தில் வேலை கொடுப்பவரும், கடன் கொடுப்பவரும், வழி மறிப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. அவர் முகம் சுளித்தால் அடுப்பு எரியாது. நகரத்திலோ ஓர் ஆலையின் கதவு அடைபட்டால் மற்றொன்றைத் தட்டலாம். படி நெல்லுக்குப் பதில் மாதச் சம்பளம். அதனுடன் வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. மருத்துவம். அண்மை ஆண்டுகளில் ஓசூர்ப் பகுதியில் டாடா எலெக்ட்ரானிக்சும், நமக்கு அண்மையிலுள்ள போச்சம்பள்ளியில் ஓலாவும் பெண்களைப் பெருமளவில் பணிக்கு எடுத்தன. களை பறித்த கைகள் கருவிகளைப் பூட்டத் தொடங்கின.

சிறு துண்டு நிலங்களில் அளவுக்கு மீறி மக்கள் நெருங்கியிருப்பதே நாட்டின் நோய் என்றும், தொழில் வளர்ச்சியே அதற்கு மருந்து என்றும் பாபாசாகேப் அம்பேத்கர் 1918-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து எழுதினார். அவர் காட்டிய வழி சரியே என்பதற்கு ஓசூர் சாட்சி.

எனினும், தோழர்களே, மகிழ்ச்சியோடு ஓர் எச்சரிக்கையும் தேவை. நகரம் உழைப்பவனுக்குக் கூலி தருகிறது. நிலம் உடையவனுக்கோ அவன் உறங்கும்போதும் வருவாய் தருகிறது. நாற்பதாண்டு உழைத்தும் வாடகை வீட்டிலேயே இருப்பவன், நகரத்தின் செல்வத்தைச் சுமந்தவனேயன்றி அதில் பங்கு பெற்றவன் அல்லன். அந்த வாடகை வீட்டைத் தேடும்போதும் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி நம்மைத் தொடர்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியாய் நுழைந்தவன் ஒப்பந்தத் தொழிலாளியாகவே வெளியேறுவதும் உண்டு.

எல்லைக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் வெட்டிய அவ்விடத்துக்கு வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் திரளாகச் சென்றனர். கூலியோடு தன்மானமும் பெற்றனர். பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் அங்கே வேரூன்றியது. ஆனால் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, கல்வி பெற்ற குடும்பம் வேறிடத்தில் நிமிர்ந்தது. உழைப்பை மட்டுமே முதலாகக் கொண்ட குடும்பம் தத்தளித்தது. இன்றும் அங்கிருந்து பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பத்தாம் வகுப்போடு ஆலை வாயிலில் நிற்கும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தி, ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்த்தல். கூலி இன்று வரும், நாளை நிற்கும். கற்ற தொழில் உடன் வரும். இரண்டாவது, நகரம் நெருங்க நெருங்க விலை ஏறும் நம் நிலத்தைக் கைவிடாமை. 1892-இல் சென்னை மாகாண அரசு ஆணையிட்டு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பிறர்க்கு விற்கலாகாது என்பது அதன் நிபந்தனை. பட்டாவை எடுத்துப் படித்துப் பார்க்க வீட்டுக்கு ஒருவராவது கற்றிருக்க வேண்டும். மூன்றாவது, தொழிலாளியாய் மட்டும் நில்லாமல் தொழில் செய்வோராதல். 1974-இல் தோன்றிய தாட்கோவும், 35 விழுக்காடு மானியத்துடன் 2023-இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் இதற்கெனவே அமைந்தவை. பேராலைக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறைகளில் நம்மவர் பட்டறையும் ஒன்றாதல் வேண்டும்.

நகரம் தானாக எவரையும் உயர்த்துவதில்லை; ஆயத்தமாய் வருவோரையே உயர்த்துகிறது. அந்த ஆயத்தத்தைத் தருவதே இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணி. வரும் ஆண்டுகளில் நம் பிள்ளைகள் ஆலையின் வாயிற்காவலைக் கடந்து, அதன் வரைபட அறைக்கும் கணக்கறைக்கும் சென்று அமர்க. அதற்கு இன்றே உறுதி பூணுவோம்.

வாழ்க கல்விக் கழகம்! ஜெய் பீம்!