ஏடும் திரையும்

 

அச்சில் படிப்பதற்கும் இணையத்தில் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

இந்திய எழுத்தில் முதன்முதல் அச்சான நூல் தமிழ் நூலே. 'தம்பிரான் வணக்கம்' என்னும் அச்சிறு நூல் 1578-இல் அச்சேறியது, நம் இருப்புப்பாதையில் வடக்கே உள்ள கொல்லத்தில்! அதன் படியைக் காண வேண்டின் இன்று அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்திற்குச் செல்லுதல் வேண்டும். அச்சு நூலின் குறை இதுவே, இருக்குமிடத்தில்தான் இருக்கும்.

அக்குறையை நாம் நன்கறிவோம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடும் சேர்ந்தன. களியக்காவிளைக்கு இப்பால், பாறசாலைக் கடைகளில் தொங்குவன பெரும்பாலும் மலையாள இதழ்களே. இணையம் இவ்வேலியைத் தாண்டி வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றது. 2005-இல் தோன்றிய 'நூலகம்' தளம் ஈழத்து நூல்களைக் காத்து வருகின்றது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நினைப்போர்க்கு அதன் அருமை விளங்கும்.

ஆயினும், 54 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆராய்ச்சி ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 1,71,000 பேரைப் பற்றியது அது. தாளில் படித்தோரே பொருளை நன்குணர்ந்தனர் என்பதும், காலவரையறை வைத்துப் படிக்கையில் வேறுபாடு மிகுந்தது என்பதும் அதன் முடிபுகள். கதைகளில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லையாம். எனவே வண்டியில் கைபேசியில் கதை படிக்கும் அன்பர்கள் அஞ்ச வேண்டா!

நம் கவலை வேறு. நம் பிள்ளைகளுட் பலர் மலையாளப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவர்; எழுத்துக் கூட்ட இடர்ப்படுவர். திரையோ தேடியதையே தரும். முன்பு பார்த்ததைப் போன்றதையே மீண்டும் காட்டும். வாயால் சொல்லியும் தேடலாமே எனின், நூலின் பெயரையேனும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? திண்ணையில் கிடக்கும் நூல் தேடாமலே கண்ணிற்படும். அட்டைப் படத்திற்காக எடுத்த பிள்ளை தலைப்பை எழுத்துக் கூட்டும். அடுக்களையிலிருந்தே பாட்டி பிழை திருத்துவாள்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். நாகர்கோவில் சென்று திரும்பும் உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறுவர் நூல் ஒன்று வாங்கி வருக. வீட்டில் படித்தானபின் சங்கத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்க. அத்தட்டு பிள்ளைகளுக்கு எட்டும். அதற்குப் பூட்டும் வேண்டா, கிழிந்தால் ஒட்டிக்கொள்வோம்.