சிறுபறையும் சிறுதேரும் எங்கே?

(சங்கக் கூட்டத்தில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பள்ளி செல்லும் வயதெய்தாத ஆண் குழந்தைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்திருக்கின்றோம். பிள்ளை குட்டி இல்லாத இளைஞருக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று பெரியோர் புன்முறுவல் பூக்கலாம். விளையாட்டை மறக்குமளவுக்கு எங்களுக்கு இன்னும் வயதாகவில்லை என்பதே எங்கள் விடை.

ஆண் குழந்தையின் வளர்ச்சியை நம் முன்னோர் எதைக் கொண்டு அளந்தனர்? பிள்ளைத்தமிழ் நூல்களைப் பாருங்கள். பத்துப் பருவங்களில் சப்பாணியிலே குழந்தை கை கொட்டுகின்றது; வருகையிலே தளர்நடை பயில்கின்றது; அம்புலியிலே அதனோடு விளையாட நிலவை அழைக்கின்றார்கள். ஆண்பாலுக்கே உரிய இறுதி மூன்று பருவங்கள் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்பன. பறை கொட்டுவது, சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைப்பது, சின்னத் தேரை உருட்டுவது: இவையே அந்த வயதின் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றாவது எழுத்தாணி பிடிக்கும் பருவமா?

இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்தப் பருவத்துச் சிறுவன் எப்படி இருக்கின்றான்? காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே தொடர்மாடிகள் எழுந்தன. வீட்டு முற்றம் போயிற்று. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் ஓடி விளையாட வாகனங்கள் இடம் விடுவதில்லை. மூன்று வயதிலேயே கொப்பியும் பென்சிலும் வீட்டுப்பாடமும் வந்துவிடுகின்றன. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை நூறு வரை எழுதுகின்றாளே என்று தாய் கலங்குகின்றார். இருந்த இடத்தில் இராத பையனுக்குக் 'குழப்படிக்காரன்' என்ற பெயர் சூட்டப்படுகின்றது. பள்ளியின் வாசலை மிதிக்கு முன்பே, தான் படிப்புக்கு உதவாதவன் என்று அவன் நம்பத் தொடங்குகின்றான். எங்களை வருத்துவது இதுவே.

நம் நாட்டிலே பாலர் பள்ளிக்கு 'மொண்டிசோரி' என்றே பேச்சு வழக்கு. அந்தப் பெயருக்குரிய அம்மையார் சொன்னது என்ன? மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டு மருத்துவர். 1907 ஜனவரி 6ஆந் திகதி றோமாபுரியின் சான் லொறென்சோ பகுதியில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அது பூஞ்சோலையிலன்று, தொழிலாளர் குடியிருந்த மாடிக் கட்டிடமொன்றில். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றி நின்ற பிள்ளைகளுக்காகவே அது ஏற்பட்டது. ஆகவே, தொடர்மாடியில் இடமில்லை என்று நாம் சாக்குச் சொல்வதற்கில்லை.

1939 நவம்பரில் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். போர் மூண்டிருந்தமையால் 1946 வரை இப்பக்கத்திலேயே தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடத்தார் அம்முறைப் பயிற்சியை வளர்த்தனர். மிஷன் பாடசாலையிற் படித்தவர்களாகிய நாங்கள் இதை நன்றியோடு சொல்லுகின்றோம். நல்லது எவரிடம் இருந்தாலும் கற்றுக்கொள்வது நமக்கு இழுக்கன்று.

அவர் முறையிலே பென்சில் முதலில் வருவதில்லை. ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் வரையுள்ள பத்துக் கட்டைகளைப் பிள்ளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றது. குமிழ் வைத்த உருளைகளை எடுத்து அதனதன் குழியில் வைக்கின்றது. அந்தக் குமிழைப் பிடிக்கும் விரல்களே நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கும் விரல்கள். எழுத்தையும் முதலிலே உப்புத்தாளில் வெட்டி, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். விஜயதசமியன்று நாம் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கின்றோமே, அதுவும் விரல் வழியே எழுத்தை அறிவிப்பதுதான். அரிசியில் எழுதிய விரலில் மறுநாளே பென்சிலைத் திணிக்கச் சொன்னவர் யார்?

இதற்கு உடலிலேயே காரணம் உண்டு. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்பே; ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாக எலும்பாகின்றன. மூன்று வயதில் எட்டும் எலும்பாகி முடிவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இது முந்தியும் ஆண்பிள்ளைகளுக்குப் பிந்தியும் நிகழ்கின்றது. ஆகவே அடுத்த வீட்டுச் சிறுமியோடு உங்கள் மகனை ஒப்பிடாதீர்கள். அவன் மந்தமானவனல்லன், அவன் கை இன்னும் ஆயத்தமாகவில்லை. மண் பிசைவதும் கயிறு இழுப்பதும் ஏறுவதும் குதிப்பதுமே அந்தக் கையை ஆயத்தஞ் செய்யும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பீர்கள். மெய்தான். ஆனால் வளைப்பது வேறு, முறிப்பது வேறு. விளையாட்டிலே பிள்ளை தன் முறை வருமட்டும் காத்திருக்கின்றது, தோற்றாலும் மறுபடி சேருகின்றது, விதிக்கு அடங்குகின்றது. இவையெல்லாம் வளைதல் அல்லவா? பிள்ளைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை கூறுகின்றது. 1991இல் இலங்கையும் அதனை ஏற்றது.

குறை சொல்லிப் போக நாங்கள் வரவில்லை. சனிக்கிழமை காலையில் நமது மண்டபம் ஒரு மணி நேரம் சிறுவர்க்குத் திறக்கப்படட்டும். ஒரு பெட்டி மணல், தச்சர் கழித்த மரத்துண்டுகளை உரஞ்சி எடுத்த கட்டைகள், ஒரு சிறு பறை, நுங்குக் கோம்பையில் ஒரு வண்டி: இவ்வளவே போதும். பெருஞ்செலவு இல்லை. பாலர் பள்ளிகளில் கற்பிப்போர் பெரும்பாலும் பெண்களே. ஆகவே சின்னத் தம்பிமாரோடு தரையில் இருந்து விளையாட அண்ணன்மாராகிய நாங்கள் முறை வைத்து வருகின்றோம். பெரியோர் கதை சொல்ல வாருங்கள். யாழ்ப்பாணத்து முற்றங்களில் நீங்கள் ஆடிய கிளித்தட்டையும் போளையடியையும் சொல்லித் தாருங்கள். தாய்மாரே, அந்த ஒரு மணி நேரமாவது கொப்பியை வீட்டில் விட்டு வாருங்கள்.

சங்கத்தின் நாளைய அங்கத்தவர் இன்று மூன்று வயதில் இருக்கின்றார். அவர் கையிலே முதலில் சிறுபறையைக் கொடுப்போம். எழுத்து உரிய காலத்தில் தானே வந்து சேரும்.